செல்லாத காசின் மதிப்பு: ராணுவச் சவால் நாணயம், ஓர் எளிய அறிமுகம்

திருச்சியில் என் அத்தை வீட்டுப் பூஜை மாடத்தில், குத்துவிளக்குக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் இடையில், பித்தளை நிறத்தில் கனத்த வட்ட வில்லை ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஒரு படைப்பிரிவின் சின்னம், வண்ணம் தீட்டியது. மறுபக்கம் ஆங்கிலத்தில் இரண்டு வரிகள். அவருடைய பேரன் அமெரிக்க விமானப்படையில் விமானங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். சென்ற விடுமுறைக்கு வந்தபோது பாட்டியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை மூடிவிட்டான்.

"காசா இது? கடையில் கொடுத்தால் எத்தனை டாலர் தருவார்கள்?" என்று அத்தை கேட்டார்.

"ஒன்றும் தரமாட்டார்கள், பாட்டி. ஆனால் என்னிடம் இருப்பதிலேயே பெரிய பொருள் இதுதான்."

கடையில் செல்லாத காசு எப்படிப் பெரிய பொருளாகும் என்று அத்தை பிறகு என்னிடம் தனியாகக் கேட்டார். அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் மூலமாகவோ, ஓய்வுபெற்ற ஒரு படைவீரரிடமிருந்தோ உங்கள் கைக்கும் இப்படி ஒன்று வந்திருக்கலாம்.

இதன் ஆங்கிலப் பெயர் சேலஞ்ச் காயின். தமிழில் சவால் நாணயம் என்று சொல்லிக்கொள்ளலாம். நாணயம் என்ற பெயர் உருவத்தைப் பார்த்து வந்ததுதான். ஒரு ராணுவப் பிரிவு தன் சின்னத்தையும் முழக்கத்தையும் பொறித்து, தன் ஆட்களுக்காக அடித்துக்கொள்ளும் அடையாள வில்லை இது. பெரும்பாலும் 38 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகலம் இருக்கும். நம் பத்து ரூபாய் நாணயம் 27 மில்லிமீட்டர். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது குழந்தைபோலத் தெரியும். பித்தளை, வெண்கலம், துத்தநாகக் கலவை போன்றவற்றில் செய்கிறார்கள். உருவத்தின் பள்ளங்களில் எனாமல் வண்ணம் நிரப்புவதும், பழம்பொருளின் சாயல் வரும்படி கருமை ஏற்றுவதும், விளிம்பில் முறுக்கிய கயிறுபோல வரி வெட்டுவதும் உண்டு. தளபதி தன் பெயரால் கொடுக்கும் நாணயமென்றால் அவருடைய பதவியைக் காட்டும் நட்சத்திரங்களும் அதில் இருக்கும்.

இந்தப் பழக்கம் வேரூன்றித் தழைத்தது அமெரிக்கப் படைகளில். அதனால் இங்கே சொல்வதெல்லாம் அங்கிருந்துதான்.

கைக்கு வரும் விதம்

ஒருவனைத் தங்களவனாக ஏற்றுக்கொள்ளும்போது நாணயம் கொடுக்கிறார்கள். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் லாக்லாண்ட் விமானப்படைத் தளம் இருக்கிறது. விமானப்படையில் சேரும் இளைஞர்கள் அடிப்படைப் பயிற்சி பெறுவது அங்கேதான். பயிற்சி முடியும் தறுவாயில் அவர்களை வரிசையாக நிற்கவைத்து, பயிற்றுநர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நாணயத்தை வைத்துக் கைகுலுக்குவார். அதுவரை அவர்களுக்கு 'டிரெய்னி', அதாவது பயிற்சி பெறுபவர், என்று பெயர். நாணயம் கைக்கு வந்த பிறகு 'ஏர்மேன்', அதாவது விமானப்படை வீரர். வாரக்கணக்கில் அதட்டலை மட்டுமே கேட்டுப் பழகிய பிள்ளைகள் அந்த இடத்தில் கண்கலங்குவது இயல்பு.

நல்ல வேலைக்குப் பாராட்டாகவும் கொடுக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதக்கம் வழங்க வேண்டுமென்றால் பரிந்துரை எழுத வேண்டும், மேலிடம் ஒப்ப வேண்டும், விழா எடுக்க வேண்டும். மாதங்கள் ஓடிவிடும். நாணயத்துக்கு அந்தச் சுற்று எதுவும் இல்லை. நள்ளிரவில் கொட்டும் பனியில் ஒரு மெக்கானிக் பழுதான இயந்திரத்தைச் சரிசெய்து விடியலுக்குள் விமானத்தைக் கிளப்பிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் தளபதி அவனிடமே நடந்து வருகிறார். தன் உள்ளங்கையில் நாணயத்தை மறைத்துக்கொண்டு கையை நீட்டுகிறார். கைகுலுக்கும்போது உலோகத்தின் குளிர்ச்சி அவன் கையில் தங்கிவிடுகிறது. அங்கே மேடையும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு மனிதன் செய்ததை இன்னொரு மனிதர் கண்டார் என்பதற்கு அந்த வில்லைதான் சாட்சி.

தமிழில் இதைச் சொல்ல ஒரு வசதி இருக்கிறது. நமக்கு நாணயம் என்றால் காசும்தான், நேர்மையும்தான். 'அவர் நாணயமானவர்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவருடைய பணப்பையை யாரும் நினைப்பதில்லை. படைவீரர்கள் இந்த வில்லையைக் கையில் வாங்கும்போது உணர்வது ஏறக்குறைய அந்த இரண்டாவது பொருளைத்தான்.

'சவால்' எங்கிருந்து வந்தது?

இந்த நாணயத்தை வைத்து ஒரு விளையாட்டு உண்டு. படைவீரர்கள் கூடியிருக்கும் மது விடுதியில் ஒருவர் தன் நாணயத்தை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டுவார். தட்டும் சத்தம்தான் சவால். சுற்றியிருக்கும் ஒவ்வொருவரும் தன் நாணயத்தை உடனே எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர், அங்கே இருக்கும் எல்லோருடைய மதுவுக்கும் பணம் கொடுக்க வேண்டும். எல்லோரும் காட்டிவிட்டால், தட்டியவர் தலையில் செலவு. ஆகவே தட்டுவதற்கும் துணிவு வேண்டும்.

இதற்கு எழுதாத விதிகள் பல. பிரிவுக்குப் பிரிவு சிறிது மாறினாலும் சாரம் ஒன்றுதான். நாணயம் எப்போதும் கூடவே இருக்க வேண்டும். வேறு இடத்தில் இருந்தால் ஓர் அடி எடுத்துவைத்துக் கைநீட்டி எடுக்கும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கைதவறிக் கீழே விழுந்து ஒலித்தால் அதுவும் சவாலாகவே கொள்ளப்படும். துளையிட்டுச் சாவிக்கொத்தில் கோத்தாலோ, இடைவாரில் பதித்தாலோ அது நாணயம் என்ற தகுதியை இழந்துவிடும். சவாலின்போது நாணயத்தை உயர்த்திக் காட்டலாம். இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டால் அது அவருக்கே சொந்தம் என்று சொல்லும் பிரிவுகளும் உண்டு.

வேடிக்கைபோலத் தெரிந்தாலும் இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. நீ எங்களைச் சேர்ந்தவன் என்பதைச் சீருடை இல்லாத நேரத்திலும் சுமந்துகொண்டிருக்கிறாயா? விடுமுறையில், திருமண வீட்டில், ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் கழிந்த பிறகு? பையில் கைவிட்டு நாணயத்தை எடுப்பவர் அதற்குத்தான் பதில் சொல்கிறார்.

பிறந்த கதைகள்

எல்லா இடத்திலும் சொல்லப்படும் கதை முதல் உலகப் போர் காலத்தது. பணக்கார வீட்டு இளைஞன் ஒருவன் அமெரிக்க விமான அணியில் லெப்டினன்ட். தன் அணிக்காக அவன் வெண்கலத்தில் வில்லைகள் அடித்து எல்லோருக்கும் ஒன்று கொடுத்தான். அவற்றில் ஒன்றைத் தோல் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்ட ஒரு விமானி, விமானம் சுடப்பட்டு ஜெர்மானியரிடம் பிடிபட்டான். அவர்கள் அவனுடைய அடையாளக் காகிதங்கள் அனைத்தையும் பறித்தார்கள். கழுத்துப் பையை விட்டுவிட்டார்கள். ஓர் இரவு குண்டுவீச்சின் குழப்பத்தில் அவன் சாதாரண உடையில் தப்பி, போர்முனையைக் கடந்து, பிரெஞ்சுக் காவல் நிலை ஒன்றை அடைந்தான். நாசவேலைக்காரர்கள் இப்படிச் சாதாரண உடையில் வருவது அங்கே வாடிக்கை. ஒற்றன் என்று முடிவுகட்டி, சுட்டுக்கொல்ல ஆயத்தமானார்கள். அவன் வில்லையை எடுத்துக் காட்டினான். பிரெஞ்சு வீரர்களில் ஒருவருக்கு அந்தச் சின்னம் தெரிந்திருந்தது. உயிர் பிழைத்ததோடு, ஒரு போத்தல் ஒயினும் அவனுக்குக் கிடைத்தது.

கதையில் அந்த விமானிக்குப் பெயர் இல்லை. அணிக்கு எண் இல்லை. வரலாறு என்று இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நம் காதுக்கு இந்தக் கதை புதிதாக ஒலிப்பதில்லை. அசோகவனத்தில் அனுமன் கணையாழியை நீட்டியபோது நடந்ததும் இதுதானே? 'நான் இன்னாருடைய ஆள்' என்று சொல்ல வார்த்தை போதாத இடத்தில் ஒரு சிறு உலோகம் பேசியது. அடையாளப் பொருளைப் பற்றி மனிதர்களுக்கு இருக்கும் இந்த நம்பிக்கை எந்த நாட்டுக்கும் தனியுரிமை இல்லை. அமெரிக்க வீரர்கள் தங்கள் நாணயத்துக்கு இந்தக் கதையைத் தேர்ந்துகொண்டதில் எனக்கு வியப்பும் இல்லை.

சற்று உறுதியான தடம் கொரியப் போரில் கிடைக்கிறது. 17ஆவது காலாட்படை ரெஜிமென்டின் தளபதியாக இருந்த கர்னல் வில்லியம் குவின், ரெஜிமென்டின் அடையாளமான காட்டெருமையைப் பொறித்துத் தன் வீரர்களுக்கு நாணயம் அடித்தார் என்கிறார்கள். அடுத்து, ஜெர்மனியின் பாட் டோல்ஸ் நகரில் நிலைகொண்டிருந்த அமெரிக்க ராணுவத்தின் 10ஆவது சிறப்புப் படைக் குழு 1960களில் தனக்கென நாணயம் வைத்திருந்தது. சவால் விளையாட்டுக்கும் தனியே ஒரு வேர் காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் இருந்த அமெரிக்க வீரர்கள், அந்நாட்டின் மிகச் சிறிய காசான ஃபென்னிக்கைப் பையில் வைத்திருப்பதும், அது இல்லாதவன் விருந்துக்குப் பணம் கொடுப்பதும் வழக்கமாம். வியட்நாமில் காசுக்குப் பதில் துப்பாக்கி ரவையைச் சுமந்தார்கள். பிறகு போட்டி முற்றிப் பெரிய பீரங்கிக் குண்டுகளையே மேசைக்குத் தூக்கிவந்தார்கள் என்றும், இந்த ஆபத்துக்கு முடிவுகட்டவே நாணயத்துக்கு மாறினார்கள் என்றும் சொல்வார்கள். இன்று ஏறத்தாழ எல்லாப் பிரிவிலும் நாணயம் இருக்கிறது என்றாலும், அப்படிப் பரவியது 1980களுக்குப் பிறகுதான்.

போர்வீரனுக்கு வட்ட உலோகம் கொடுப்பது என்று யோசித்தால், நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு பழைய பொருள் எனக்கு நினைவுக்கு வருகிறது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, அந்தப் போரில் பங்கெடுத்தவர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு பதக்கம் அடித்தது. இங்கிலாந்தின் பர்மிங்காம் அருகே சோஹோ ஆலையில் செய்தது. ஒரு பக்கம், புலியை வீழ்த்தி நிற்கும் சிங்கம். உருவம் எல்லோருக்கும் ஒன்றுதான். உலோகம் மட்டும் வேறு. பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம். அதற்குக் கீழே தங்க முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம். மதராஸ் படையின் சிப்பாய்களுக்கு வெள்ளீயம். கோட்டை மதிலில் ஏறி உயிரைக் கொடுக்க முன்வந்தவன் கைக்குத்தான் எல்லாவற்றிலும் மலிவான உலோகம் வந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கும். சவால் நாணயத்தில் நான் மதிப்பது இந்த இடத்தைத்தான்: ஒரு பிரிவின் நாணயம் கர்னலின் சட்டைப் பையிலும், அதே பிரிவில் சமையல் செய்யும் சிப்பாயின் பையிலும் ஒரே உலோகம், ஒரே எடை.

பரிசாக அதன் பொருள்

அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், படைவீரர்கள் தனக்குக் கொடுத்த நாணயங்களைத் தன் அலுவலக மேசைக்குப் பின்னால் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். வெள்ளை மாளிகைக்காக வரைந்த அவருடைய அதிகாரப்பூர்வ ஓவியத்திலும் அவை பின்னணியில் தெரிகின்றன. நாட்டின் தலைவர் சிப்பாய்க்குக் கொடுப்பது எளிதில் விளங்கும். சிப்பாய் தலைவருக்குக் கொடுப்பது, 'நீங்களும் எங்களில் ஒருவர்' என்று அவரைத் தங்கள் வட்டத்துக்குள் இழுத்துக்கொள்வது. அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் கேட்ஸ், பதவி விலகும் முன் 2011 ஜூனில் ஆப்கானிஸ்தானில் படைவீரர்களைக் கடைசியாகச் சந்தித்தபோது, வரிசையில் வந்தவர்களுக்குக் கைகுலுக்கிக் கைகுலுக்கி நாணயம் கொடுத்தார்.

2009 நவம்பரில் டெக்சாஸின் ஃபோர்ட் ஹூட் முகாமில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் இறந்தார்கள். நினைவஞ்சலிக்கு வந்த அதிபர் பராக் ஒபாமா, இறந்தவர்களுக்காக வைத்திருந்த ஒவ்வொரு நினைவிடத்தின் முன்னும் நின்று ஒரு நாணயத்தை வைத்தார். வாங்கிக்கொள்ள அங்கே கைகள் இல்லை. இருந்தும் வைத்தார். பரிசு என்ற சொல்லின் எல்லை அதுவரை நீள்கிறது.

மதிப்பு எங்கே இருக்கிறது என்பது இப்போது ஓரளவு தெரிந்திருக்கும். செய்வதற்கு ஆகும் செலவு சில டாலர்கள்தான். மற்றதெல்லாம் கொடுத்தவர் யார், எதற்காக, எந்த நாளில் என்பதில் இருக்கிறது. அதனால்தான் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்தால் இது மலிந்துவிடுகிறது. அரசுப் பணத்தில் அடித்த நாணயங்களைச் சிறந்த பணிக்கான பாராட்டாகக் கொடுக்க வேண்டும், வெறும் நினைவுப் பொருளாக இறைக்கக் கூடாது என்று அமெரிக்க ராணுவத்தில் விதி இருக்கிறது. தோழமையின் பேரில் கொடுக்க விரும்பும் அதிகாரிகள் சொந்தப் பணத்தில் தனியாக அடித்து வைத்துக்கொள்வார்கள். 2018இல் சிங்கப்பூரில் அமெரிக்க, வடகொரியத் தலைவர்கள் சந்திப்பதற்கு முன்பாகவே, இருவருடைய முகமும் எதிரெதிரே இருக்கும் நாணயம் வெளிவந்துவிட்டது. சேகரிப்பவர்களுக்கு அது அரிய பொருளாக இருக்கலாம். விடியற்காலையில் ஒரு மெக்கானிக் கைக்கு வந்த நாணயத்தோடு அதை நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன்.

நீங்கள் ஒருவருக்கு வாங்கிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம், கொஞ்சம் கவனம் வேண்டும். தரைப்படை, கடற்படை என்று பொதுச் சின்னம் பொறித்த நாணயங்கள் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. ஓய்வுபெற்ற ஒருவருக்கு அன்பின் அடையாளமாக அதைக் கொடுப்பதில் பிழையில்லை. ஆனால் அவர் பணியாற்றாத பிரிவின் நாணயத்தையோ, அவர் போகாத போரின் பெயர் பொறித்ததையோ அழகாக இருக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். பெறாத பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக் கொடுத்த விசிட்டிங் கார்டுபோல, அவர் அதை எங்கேயும் எடுத்துக் காட்ட முடியாமல் சங்கடப்படுவார். அவருடைய பழைய பிரிவின் சங்கம் விற்கும் நாணயம் கிடைத்தால் நல்லது. அதைவிட நல்லது, அவரோடு இருந்த நண்பர்கள் சேர்ந்து, பிரிவின் பெயரும் பணியாற்றிய ஆண்டுகளும் பொறித்துத் தாங்களே அடித்துக் கொடுப்பது. ஓய்வுபெறும் நாளில் பலர் அப்படிச் செய்கிறார்கள்.

உங்கள் கைக்கு ஒன்று வந்தால் வலது கையால் வாங்குங்கள். உடனே பைக்குள் போடாமல் இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். விலையைக் கேட்காதீர்கள், இது உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேளுங்கள். தான் பெற்ற நாணயத்தையே ஒரு வீரர் தன் தாய்க்கோ, ஆசிரியருக்கோ, காயத்தை ஆற்றிய மருத்துவருக்கோ கொடுத்தால், தனக்கு வந்த பாராட்டை 'இது உங்களுக்கும் உரியது' என்று பங்கு வைக்கிறார் என்று பொருள். என் அத்தைக்கு வந்தது இந்த வகை. பனியில் நின்று வேலை செய்த ஓர் இரவுக்காக அவனுக்குக் கிடைத்ததை, அவனை ஐந்து வயதுவரை வளர்த்த கையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

விற்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த பதக்கமான மெடல் ஆஃப் ஹானரை விற்பது அங்கே சட்டப்படி குற்றம். இந்த நாணயங்களுக்கு அப்படிப்பட்ட கட்டு இல்லை, சேகரிப்பவர்கள் வாங்குகிறார்கள். பெரியவர் ஒருவர் இறந்து, பெட்டி நிறைய நாணயம் இருந்து, யாருக்கும் ஒன்றும் தெரியாத நிலையில்தான் பெரும்பாலும் அவை சந்தைக்கு வருகின்றன. அவர் இருக்கும்போதே ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கதை தெரியாத நாணயத்தைப் பேரப்பிள்ளைகளால் வெறும் உலோகமாகத்தான் பார்க்க முடியும்.

கடைசியாக ஒன்று, நம் வீடுகளுக்கு மட்டும் சொல்ல வேண்டியது. பித்தளை நிறத்தைப் பார்த்ததும் புளி போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். தேய்க்காதீர்கள். பழமைச் சாயலுக்காக ஏற்றிய கருமையும் மேல் முலாமும் புளியில் போய்விடும், எனாமலும் மங்கும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அத்தையிடம் இதைச் சொன்ன நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை விளக்குகளைத் துலக்கக் கிணற்றடிக்கு எடுத்துப் போகும்போது அவர் அந்த நாணயத்தை மட்டும் தனியே எடுத்து, புடவைத் தலைப்பால் துடைத்து, மாடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறார்.